ஏலரிசி ஏன் முளைப்பதில்லை?

சென்னையில் யானைக்கவுனிப் பாலத்தை விட்டிறங்கிச் சவுகார்பேட்டைப் பக்கம் நடக்கிற எவருக்கும், கடைகளின் பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன்பே, காற்றில் வரும் மணத்தைக் கொண்டே தாம் எந்தக் கடையருகே நிற்கிறோம் என்பது விளங்கிவிடும். மிளகின் காரமும் சோம்பின் இனிப்பும் பெருங்காயத்தின் கடுமையும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருக்கையிலேயே, எங்கோ ஒரு கடையில் ஒரு சாக்கின் வாயைப் பிரித்த கணத்தில், அவை அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு தெருவின் அகலம் முழுவதையும் தனதாக்கிக்கொள்கிற மணம் ஒன்று உண்டென்றால், அது ஏலக்காயின் மணந்தான்.

அந்த மணத்தை நாள்தோறும் முகர்ந்து பழகிய எங்கள் வீட்டில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், என் தங்கையின் பேத்தி, அப்போது ஒன்பது வயதுச் சிறுமி, வெங்காயக் கூடைக்குப் பின்னால் மறந்துபோய்க் கிடந்த இஞ்சித் துண்டு ஒன்று பச்சைக் கொம்பு போல முளை விட்டிருப்பதைக் கண்டெடுத்து, முற்றத்தில் கிடந்த உடைந்த பக்கெட்டில் மண் நிரப்பி அதை நட்டு வைத்தாள். பத்து நாளில் அது இலை விரித்தது. அந்த உற்சாகத்தில், சமையலறை டப்பாவிலிருந்து நல்ல பச்சை நிறமுள்ள ஏலக்காய்களாகப் பன்னிரண்டு பொறுக்கி, உரித்து, உள்ளிருந்த விதைகளை எல்லாம் இன்னொரு தொட்டியில் விதைத்துத் தண்ணீர் ஊற்றி வந்தாள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மண்ணில் பாசி படர்ந்ததே ஒழிய ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. "தாத்தா, இஞ்சியும் ஏலக்காயும் ஒரே குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க? அது முளைச்சுது, இது ஏன் முளைக்கல?" என்று அவள் கேட்டாள்.

காய்ந்துபோன விதை எப்படி முளைக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் உடனே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகையும் வெந்தயத்தையும் காட்டி, இவையும் காய்ந்தவைதானே, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மூன்றே நாளில் வெந்தயம் முளைக்கிறதே என்றாள். அந்தப் பதிலுக்கு முன் என் விளக்கம் நிற்கவில்லை. காய்ந்திருப்பது ஒன்றே குற்றமானால் உலகத்துத் தானியக் களஞ்சியங்கள் யாவும் பிணக்கிடங்குகளாகவே இருந்திருக்க வேண்டும். ஆகையால் இந்தக் கேள்வியை அவள் பொருட்டும் என் பொருட்டும் ஒழுங்காக ஆராய்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் இஞ்சியின் விஷயத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். இஞ்சிக் குடும்பம் பெரியது. உலகம் முழுவதும் 1,500-க்கு மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. மஞ்சள், சித்தரத்தை, பேரரத்தை, கச்சோலம், ஏலம் எல்லாம் அதன் உறுப்பினர்கள். இவற்றின் பொதுவான லட்சணம், மண்ணுக்குள் கிடைமட்டமாக ஊர்ந்து செல்லும் தடித்த தண்டு ஆகும். நாம் இஞ்சி என்றும் மஞ்சள் என்றும் வாங்குவது வேருமன்று, காயுமன்று. கணுவும் மொட்டும் உள்ள அந்த நிலத்தடித் தண்டுதான். ஆதலால் கூடையில் முளைத்த இஞ்சி பிறக்கவில்லை, வளர்ந்தது. கரும்பின் கரணையை நட்டால் கரும்பு தொடர்வதுபோல, அதே பழைய செடி தன் வாழ்வைத் தொடர்ந்தது. மனிதன் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வெட்டி வெட்டி நட்டு வந்ததனால், இஞ்சி விதை வைக்கும் வழக்கத்தையே ஏறக்குறைய மறந்துவிட்டது.

மஞ்சளின் நிலைமை இன்னும் விசித்திரமானது. கோலாட்டம் ஆடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு ஜோடி இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். ஒரு செடி விதைக்கான மகரந்தத்தையும் கருமுட்டையையும் உண்டாக்கும்போது அதன் குரோமோசோம்கள் என்ற மரபுத் தாங்கிகள் இப்படித்தான் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று பிரிய வேண்டும். சாகுபடி மஞ்சளில் அவை 63. அதாவது 21 கொண்ட தொகுதிகள் மூன்று. மூன்று பேர் சேர்ந்து கோலாட்டம் ஆட முயன்றால் யாரேனும் ஒருவர் கோலுக்கு எதிர்க்கோல் இன்றி நிற்க நேரிடும். அந்தக் குழப்பத்தில் நல்ல விதை உருவாவது மிக அரிது. ஏலத்திற்கு அத்தகைய இடையூறு கிடையாது. அது இன்றைக்கும் பூத்து, காய்த்து, முறைப்படி விதை வைக்கிற செடி. நாம் பாயசத்தில் தட்டிப் போடுவதே அந்த விதையைத்தான்.

நம் மொழி இதை எப்போதோ குறித்து வைத்துவிட்டது. ஏலக்காயை உரித்து எடுத்த விதைக்கு ஏலரிசி என்று பெயர். மலையாளத்தார் இதையே ஏலத்தரி என்கிறார்கள். 'அரி' என்பது அரிசி. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிபதியாக இருந்த வான் ரீடு, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த மலபார்த் தாவர நூலில் அந்தப் பெயரைக் கேட்டபடியே எழுதி வைத்தார். பின்பு 1811-இல் மேட்டன் என்ற ஆங்கிலேயர் இச்செடிக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது, அதற்கு 'எலெட்டாரியா' என்று நாமகரணம் செய்தார். ஆகவே உலகத்துத் தாவரவியலார் இன்று லத்தீன் என்று எண்ணி உச்சரிக்கிற சொல்லின் வயிற்றுக்குள் நம்முடைய அரிசி இருக்கிறது. விதையின் பெயரையே செடியின் பெயராகக் கொண்ட ஒன்று, விதையிலிருந்து முளைக்க மறுப்பதாவது!

இச்செடியின் சொந்த வீடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. தேனி மாவட்டத்துக்கு மேற்கே, போடிமெட்டைத் தாண்டியவுடன் தொடங்குகிற மலைத்தொடருக்கு ஏலமலை என்றே பெயர். சுமார் 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள உயரத்தில், பெருமரங்களின் கீழே, ஆண்டில் பெரும்பகுதியும் ஈரம் காயாத சருகு மண்ணில் அது வளர்கிறது. அதன் பூங்கொத்து தலையில் தோன்றுவதில்லை. அடியில், மண்ணை ஒட்டிக் கயிறு போல ஊர்ந்து செல்கிறது. தோட்டத்தார் இதைச் சரம் என்றும், ஓராள் உயரத்துக்கும் மேலே போகும் இலைத்தண்டைத் தட்டை என்றும் சொல்லுகிறார்கள். வெண்ணிறத்தில் ஊதா ரேகைகள் ஓடிய இதழுடன் அந்தச் சரத்தில் விடியுமுன் மலர்கிற பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால், ஏறக்குறைய நான்கு மாதத்தில் காய் முற்றும்.

இனி அந்தக் காயை அருகிலிருந்து பார்ப்போம். என் கேள்வியைக் கேட்டறிந்த போடிநாயக்கனூர் நண்பர் ஒருவர், அந்தப் புரட்டாசியில், சந்தைக்கு எடுக்கும் பருவத்தையும் தாண்டிச் சரத்திலேயே பழுக்க விட்ட காய்கள் இருபதை ஈரப் பாசியில் பொதிந்து பஸ்ஸில் அனுப்பி வைத்தார். பச்சை மாறி வெளிர்மஞ்சளாக இருந்த அவற்றில் ஒன்றை நகத்தால் கீறியதும் தோல் மூன்றாகப் பிளந்தது. உள்ளே மூன்று அறைகள். அறைக்கு ஐந்தாறாக, கன்னங்கரிய விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கி அமர்ந்திருந்தன. ஒவ்வொரு விதையின் மேலும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய, வழவழப்பான போர்வை. நாக்கில் வைத்தால் இலேசான இனிப்பு. ஜாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவந்த ஜாதிபத்திரியை எல்லாரும் அறிவோம். விதையின் காம்புப் பக்கத்திலிருந்து கிளம்பி விதையைப் போர்த்துகிற அதே வகை உறுப்புத்தான் இதுவும். ஆதலின் இதை விதைப்பத்திரி என்று அழைப்பது பொருந்தும். காட்டில் அணில், மரநாய் போன்ற பிராணிகள் ஏலக்காயை விரும்பித் தின்பதைத் தோட்டக்காரர்கள் வருத்தத்தோடு சொல்லுவார்கள்; விதையைச் சுமந்து செல்வதற்குக் கொடுக்கிற கூலியைப் போன்றது அந்த இனிப்பு.

பத்திரியைத் தேய்த்து அகற்றிவிட்டால் உண்மையான விதையுறை தெரிகிறது. நுண்பெருக்காடியில் அதன் குறுக்குவெட்டைப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பாயசத்துக்கு மணம் தருகிற தைலம் விதையின் நடுவில் இல்லை. பெரிய பெரிய பைகளைப் போன்ற உயிரணுக்களின் வரிசை ஒன்று விதையுறைக்குள்ளேயே ஓடுகிறது, அந்தப் பைகளில்தான் தைலம் முழுவதும் அடைபட்டிருக்கிறது. அதற்கும் கீழே, செம்பழுப்பு நிறத்தில், சுவர் தடித்து இறுகிய உயிரணுக்களால் கட்டிய கோட்டை மதில் ஒன்று. அம்மதிலுக்குள் மாவுச்சத்து நிறைந்த வெண்ணிற உணவுக் கிடங்கு. அதன் மத்தியில், விளக்குத் திரியின் நுனியளவே உள்ள முளைக்கரு. கோட்டைக்கு வாசல் இல்லாமலில்லை. இஞ்சிக் குடும்பத்து விதைகளில், முளை வெளியே வரவேண்டிய முனையில், சிமிழின் மூடியைப் போன்ற ஒரு சிறு அடைப்பு உண்டு. உள்ளிருந்து முளைவேர் முட்டித் தள்ளும்போது அந்த மூடி கழன்று விழும். இதை முளைவாய் மூடி என்போம். மதில் சூழ்ந்த நகருக்குக் கவுனி எப்படியோ அப்படி இது விதைக்கு; மதிலும் கவுனியும் போன பின்னரும் பெயரை மட்டும் காத்து வைத்திருக்கும் ஊரிலிருந்து எழுதுகிற எனக்கு இந்த உவமை தானாகவே வந்துவிட்டது.

இப்போது குற்றவாளியைத் தேடலாம். சந்தேகத்துக்கு உரியவை நான்கு: காய்ந்தது, சூடுபட்டது, நாள்பட்டது, விதையுறை இறுகியிருப்பது. இவற்றைப் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "கடை ஏலக்காய் முளைக்காது" என்று முடித்துவிட்டால் அது அனுபவமே தவிர அறிவாகாது. விஞ்ஞானத்தின் சூட்சுமம், நான்கையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதில் அடங்கியிருக்கிறது.

செடியிலிருந்து எடுத்த காயில் எடைக்கு முக்கால் பங்கு நீர். அப்படியே வைத்தால் பூசணம் பூத்துவிடும். வெயிலில் காயப்போட்டால் பச்சை நிறம் வெளுத்து விலை குறைந்துவிடும். ஆகவே மலைத்தோட்டங்களில் இதற்கென்றே கட்டிய உலர் அறைகளில், தட்டுத்தட்டாகக் காயைப் பரப்பி, சுமார் 45 முதல் 55 டிகிரி வரை உஷ்ணமுள்ள காற்றில், ஒரு பகலும் ஓர் இரவும் அதற்கு மேலும் வைத்து, ஈரம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும் வரை உலர்த்துகிறார்கள். நல்ல பச்சைக்காய்க்கு அதிக விலை கிடைப்பது இந்த உலர்த்தலின் நேர்த்தியினால்தான். ஆனால் முளைக்கருவின் நிலையிலிருந்து அதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். உயிரணுக்களின் காரியங்களை நடத்துகிற நொதிகளும் அவற்றைச் சூழ்ந்த மென்படலங்களும் ஈரம் நிறைந்திருக்கிற வேளையில்தான் சூட்டுக்கு மிகவும் எளிதில் இரையாகின்றன. காய்ந்த கடுகு வெயிலைத் தாங்கும்; ஊறிய கடுகு தாங்காது. ஏலக்காய் உலர் அறைக்குள் நுழைவது ஊறிய நிலையில்.

காய்ந்ததே குற்றமோ என்ற ஐயத்தை ஒரு பரிசோதனை தீர்த்து வைக்கிறது. மழைக்காட்டு விதைகள் பலவற்றுக்கு உலர்வு என்பது மரணம். பலா விதையைக் காய வைத்தால் செத்துப்போகும். காரணம், அவை பிறந்த மண்ணில் காத்திருக்க வேண்டிய வறண்ட பருவம் இல்லை. வெந்தயமும் கடுகும் மழை எப்போது வரும் என்று தெரியாத நிலத்தில் வாழ்ந்து, காய்ந்து கிடந்து காலம் பார்க்கும் வித்தையைக் கற்றவை. ஈரச் சருகில் விழுகிற காட்டு விதைக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. ஏலமும் அந்த ஜாதிதான் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தில் 1990-களில் ஏலவிதைகளைச் சூடு படாமல் பக்குவமாக உலர்த்தி, திரவ நைட்ரஜனின் ஆவியில், நீர் உறையும் நிலைக்குச் சுமார் 150 டிகிரி கீழே உள்ள குளிரில் வைத்துப் பின் எடுத்து விதைத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை முளைத்தன. எனவே உலர்வு நிரபராதி. நம் டப்பாவிலுள்ள ஏலரிசி காய்ந்ததனால் சாகவில்லை. காய்ந்த விதத்தினாலும், காய்ந்த பின் கழிந்த நாட்களாலும் செத்தது.

நாட்களின் குற்றம் சிறியதன்று. காய்ந்த விதையும் முற்றிலும் ஓய்ந்து கிடப்பதில்லை; சாம்பல் பூத்த நெருப்பைப் போல அதற்குள் சுவாசம் மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது, சேமித்த கொழுப்பு கெட்டுக்கொண்டே வருகிறது. உஷ்ணமும் ஈரமும் கூடினால் இந்தத் தேய்மானம் விரைவுபடும். அந்த இரண்டுக்கும் எங்கள் துறைமுகப் பக்கத்தில் குறைவே கிடையாது. ஏல நாற்று விடுகிற தோட்டத்தார், பழத்திலிருந்து எடுத்த விதையை அதிகம் போனால் ஓரிரு வாரத்துக்குள் மண்ணில் சேர்த்துவிட வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாகக் கொண்டிருக்கிறார்கள். அதற்குமேல் வைத்திருக்க வைத்திருக்க, நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இறங்கிக்கொண்டே போகும்.

விதை செத்ததா, உறங்குகிறதா என்பதை முளைக்கும் வரை காத்திராமலே அறிய ஒரு வழி உண்டு. 1940-களில் ஜெர்மனியில் கியார்க் லாக்கோன் என்பவர் வகுத்த அம்முறையில், டெட்ரசோலியம் என்ற உப்பின் நிறமற்ற கரைசலில், வெட்டிய விதையை ஊற வைக்கிறார்கள். உயிருள்ள அணுக்களின் சுவாசத்தில் வெளிப்படும் ஹைட்ரஜன் அந்த உப்போடு சேர்ந்த மாத்திரத்தில் அது கரையாத சிவப்புப் பொருளாக மாறும். உயிர் இல்லாத இடத்தில் மாற்றம் நேராது. தெரிந்தவர் ஒருவரின் உதவியால், போடியிலிருந்து வந்த விதைகளில் நான்கையும் எங்கள் டப்பாவிலிருந்து நான்கையும் இவ்வாறு சோதிப்பதை அருகிருந்து பார்த்தேன். மறுநாள் காலையில் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். புதிய விதையின் வெள்ளை மாவுக்கு நடுவே முளைக்கரு குங்குமத்தில் தோய்த்த ஊசிமுனை போலச் சிவந்திருந்தது. டப்பா விதை நான்கும் வெளுத்தே கிடந்தன. கருவற்ற கூடு அல்ல அவை. கரு இருந்தது, வடிவமும் கெடவில்லை, ஜீவன் மட்டும் இல்லை. சிறுமியும் கண்ணாடி வழியே பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எஞ்சியது விதையுறை. உயிரோடிருக்கும் புதிய விதையைக்கூட அப்படியே விதைத்தால் சீராக முளைப்பதில்லை. சில ஒரு மாதத்தில் வரும், சில மூன்று மாதம் இழுத்தடிக்கும். இதை விதையுறக்கம் என்பார்கள். இங்கே உறக்கத்துக்குக் காரணம் கருவின் சோம்பல் அன்று, மதிலின் இறுக்கம். இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? உறையை மட்டும் தேய்த்து மெலிய வைத்து, வேறெதையும் மாற்றாமல் விதைத்துப் பார்த்தார்கள், முளைப்பு விரைந்தது. ஏல ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கென நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் விதையைப் பத்து நிமிஷம் போல அமிழ்த்தி, உடனே ஓடும் நீரில் பலமுறை அலசும்படி சிபாரிசு செய்கின்றன. காட்டில் பிராணியின் வயிற்று அமிலமும் சருகு மண்ணின் நுண்ணுயிர்களும் மெல்ல மெல்லச் செய்கிற காரியத்தை ஆய்வுக்கூடம் பத்து நிமிஷத்தில் முடிக்கிறது. அமிலத்தை வீட்டில் கையாள நான் துணியவில்லை, பிறருக்கும் சொல்லமாட்டேன். பழைய தோட்டக்காரர்களின் சம்பிரதாயம் ஒன்று இருக்கிறது: வழவழப்பான பத்திரி போகும் வரை விதையைக் குளிர்ந்த நீரில் பிசைந்து கழுவி, மரச்சாம்பலில் புரட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்துவது. பத்திரியை அப்படியே விட்டால் அதன் இனிப்புக்கு எறும்பும் பூசணமும் வந்து சேரும். சாம்பல் ஒட்டலைப் போக்கி விதையை விதையிலிருந்து பிரிக்கும். நாங்கள் செய்தது இதைத்தான்.

முற்றத்தின் வடக்குச் சுவரோரம், காலை ஒன்பது மணியிலிருந்து பத்து வரை மட்டும் சாய்ந்த வெயில் விழுகிற இடத்தில், அகலமான தொட்டியில் இலைமக்கும் மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, விரல் நகத்தின் ஆழத்துக்கு மேற்படாமல் விதையைத் தூவி, மேலே வைக்கோலைப் பரப்பினோம். வைக்கோல் மழைக்காட்டின் சருகுக்குப் பதிலாள். மண் காயாமலும், நீர் ஊற்றும்போது விதை அடித்துச் செல்லப்படாமலும் காக்கும். முப்பத்தோராம் நாள் சிறுமி வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது, ஊசி போலச் சுருண்ட பச்சை முளைகள் ஏழு நின்றன. அடுத்த மூன்று வாரத்தில் அவை நாற்பதைத் தாண்டின. முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாங்கள் நான்கு நாள் தாமதித்தோம். அடைமழையின் ஈரம் அடியில் தேங்கி, மண்ணில் வாழும் பூசணம் இளந்தண்டைக் கழுத்தளவில் அழுகச் செய்தது. நாற்றழுகல் என்று இதற்குப் பெயர். பாதிக்கு மேல் போய்விட்டது.

நிழல் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், நிழற்செடி வெளிச்சத்தை வெறுக்கிறது என்ற தப்பபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. எந்தப் பச்சிலையும் ஒளியை உண்டுதான் உயிர்வாழ வேண்டும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இறக்குகிற துறை பெரிதாகவும், மூட்டையை உள்ளே கொண்டு போய் அடுக்குகிற கூலியாட்கள் குறைவாகவும் இருந்தால், கப்பல் எப்போதோ ஒன்று வரும் நாளில் ஒரு மூட்டையும் வீணாகாது; ஒரே நாளில் பத்துக் கப்பல் வந்து சேர்ந்தாலோ, துறையில் மூட்டைகள் மலைபோலக் குவிந்து, சரிந்து, துறையையே உடைத்துவிடும். மழைக்காட்டின் அடித்தளத்தில், மேலேயுள்ள இலைகள் உண்டு கழித்த மிச்ச வெளிச்சமே கிடைப்பதால், ஏலத்தின் இலை, ஒளியை ஏந்துகிற பச்சையத்தை விரிவாகப் பரப்பியும், ஏந்திய ஒளியை உணவாக்குகிற நொதிகளைச் சிக்கனமாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. கத்திரி வெயிலில் அதை நிறுத்தினால், செலவழிக்க வழியில்லாத ஒளிச்சக்தி பச்சையத்தையே சிதைக்கிறது; இலை வெளுத்து, விளிம்பு கருகிப்போகிறது. வெயில் சுட்டுவிட்டது என்று நாம் சொல்லுவதில் பெரும்பங்கு, ஒளி மிகுந்து அஜீரணமானதுதான். ஆகவே தோட்டத்தில் பெருமரங்களின் கிளைகளைக் கழித்தும் விட்டும் வெயிலில் ஏறக்குறையப் பாதி கீழே வரும்படி சீர்செய்கிறார்கள். மொட்டை மாடித் தோட்டக்காரர் பச்சை நிழல்வலையால் அதையே செய்யலாம்.

இவ்வளவு சிரமப்பட்டு விதையிலிருந்து வளர்ப்பானேன், தட்டையோடு கூடிய கிழங்கைப் பிரித்து நட்டால் போதாதா என்று கேட்கலாம். நடலாம், பெரும்பாலான தோட்டங்களில் இன்று அதுவே வழக்கம். இடுக்கி மாவட்டத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் கண்டு தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' என்ற அதிக விளைச்சல் ரகம் ஏலமலை முழுவதும் பரவியது அந்த முறையில்தான். தாயின் குணம் இம்மி பிசகாமல் வந்துவிடும். ஆனால் குணத்தோடு நோயும் வந்துவிடும். இலையில் வெளிர்பச்சைக் கோடுகளாகத் தோன்றி, செடியைப் படிப்படியாகக் குட்டையாக்கி மலடாக்குகிற 'கட்டே' நோய், வைரஸ் என்ற நுண்கிருமியால் உண்டாவது. அசுவினிப் பூச்சிகள் அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்லும். நோயுற்ற கிழங்கை வெட்டி நட்டாலும் அது புதுச்செடியிலே இருக்கும். ஆனால் விதை வழியே அது கடப்பதில்லை. நோயாளியான தாய்க்கும் நோயற்ற பிள்ளை பிறக்கும். தவிரவும், தேனீக்கள் பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்து வைப்பதனால் விதைநாற்று ஒவ்வொன்றும் ஒரு புதுக் கலவை. ஞள்ளானியைப் போன்ற அரிய செடி ஒன்று தோன்றுவதற்கு வேண்டிய வேற்றுமை முழுவதும் விதையிலிருந்துதான் வர வேண்டும். கிழங்கு இருப்பதைக் காக்கும். இல்லாததைக் கொண்டுவருவது விதை.

சென்னையில் ஏலச்செடி வளர்ப்பதாகப் பலர் சொல்லக் கேட்டு நான் போய்ப் பார்த்த தொட்டிகளில் அநேகம் சித்தரத்தை இனத்தைச் சேர்ந்தவை. கசக்கினால் இலை ஏலத்தைப் போல மணக்கும்; பார்வைக்கும் ஒத்திருக்கும்; வெயிலையும் தாங்கும். அவற்றின் பூங்கொத்து தட்டையின் நுனியில் தோன்றும் என்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். உண்மையான ஏலம் சமவெளியில், நிழலும் ஈரமும் கொடுத்தால், உயிரோடிருக்கும், பூப்பது அரிது. மலையின் குளிர்ந்த இரவையும் இடைவிடாத மூடுபனியையும் வடசென்னையின் முற்றத்தில் எவராலும் இறக்கி வைக்க முடியாது. சித்திரை, வைகாசியில் நாளுக்கு மூன்று முறை இலையில் நீர் தெளித்தும், எங்கள் செடிகளின் நுனிகள் கருகத்தான் செய்கின்றன.

அழுகலுக்குத் தப்பியவை பதினேழு; முதற் கோடையைக் கடந்தவை ஐந்து; இன்று முற்றத்தில் நிற்பவை மூன்று. அவற்றில் ஒன்று என் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. இப்போது பன்னிரண்டு வயதாகிவிட்ட அந்தப் பெண், பள்ளிக்கூடம் புறப்படுமுன், தட்டைகளின் அடியிலுள்ள சருகை இரு விரலால் விலக்கிச் சரம் ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறாள். வராமலே போகலாம் என்று சொல்லியிருக்கிறேன், தெரியும் என்கிறாள். சென்ற வாரம் சருகுக்குக் கீழே வெளுத்த கூரிய முனை ஒன்று தென்பட்டு வீட்டையே கூட்டிவிட்டாள். நான்கு நாளில் அது நிமிர்ந்து பச்சை கொண்டது. சரம் அன்று, ஒன்பதாவது தட்டை.